ஒன்பதாம் பெட்டியில் விழுந்த முதுகு

ஸலாஹுதீன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது தொண்ணூறாம் ஆண்டு, எங்கள் கரைத்தீவுக் கரையில். ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. மன்னார்ப் பக்கத்து முஸ்லிம்களை இயக்கம் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டது, மறிச்சுக்கட்டிச் சனம் வள்ளங்களில் வந்துகொண்டிருக்கிறது என்று காலையிலேயே கதை வந்துவிட்டது. நாங்கள் பெண்கள் சோற்றுப் பானையும் தேத்தண்ணிக் கேத்தலுமாகப் போய் நின்றோம். முதல் வள்ளத்தில் வந்து இறங்கிய ஒருத்தி மட்டும் சோற்றுக்கு வரவில்லை. மூன்று வயதுப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நின்று, பின்னால் வரும் வள்ளங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஸலாஹுதீன்! ஸலாஹுதீன்!"

தம்பியைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். கடைசி வள்ளத்தில் இருந்து ஒரு வாலிபர் கையை உயர்த்தினார். அவரைக் கண்டும் அவளுடைய முகம் தெளியவில்லை.

"உங்கட காக்கா எங்க? ஏறல்லையா?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். காக்கா என்றது அவருடைய அண்ணனை, அவளுடைய புருஷனை. புருஷனின் பெயரை வாயால் சொல்லாத பெண் அவள். அதனால் புருஷனுடைய தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அவள்தான் சாரா உம்மா. இடுப்பில் இருந்த பிள்ளை அஸீஸா. வராமல் போன புருஷன் சரீப்.

இவர்களின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். சரீப்பும் ஸலாஹுதீனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இடையில் பிறந்த இரண்டு பெண்கள் தொட்டிலிலேயே மௌத்தாகிப் போனார்கள். வாப்பா காட்டில் தேன் எடுத்தவர். பிள்ளைகள் இருவரும் பத்து வயதில் இருந்து தேன் தகரத்தைக் காவுதடியில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்கள். அதனால் இரண்டு பேருக்கும் இடது தோள் சற்றுச் சரிந்திருக்கும். சாரா உம்மா அவர்களுக்குச் சொந்த மாமி மகள்.

வெளியேறச் சொல்லி அறிவித்தல் வருவதற்கு முதல் நாள் சரீப் ஆற்றைக் கடந்து தெற்கே காட்டுக்குள் போயிருக்கிறார், விட்டிருந்த எருமைகளை மழைக்கு முன்னர் சாய்த்து வர. அறிவித்தல் அவருக்குத் தெரியாது. ஸலாஹுதீன் ஆற்றங்கரையில் நின்று ஒரு பகல் முழுக்கக் கூப்பிட்டாராம். பிறகு, பெண்களும் பிள்ளைகளும் ஏறி முடிந்து, கடைசி வள்ளத்தில் கடைசி ஆளாக ஏறினார்.

"நான் ஏறினது பிழை மாமி" என்று எத்தனையோ தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"ஏறாட்டி ரெண்டு மையத்து, மகன்" என்று நானும் அத்தனை தரமும் சொல்லியிருக்கிறேன்.

என் தென்னந்தோட்டத்து ஓரத்தில் பன்னிரண்டு கொட்டில்கள் போட்டார்கள். சாரா உம்மாவும் பிள்ளையும் ஒன்றில். கிடுகுத் தட்டிக்கு அடுத்த பக்கம் ஸலாஹுதீன். உப்பளத்தில் வேலை செய்தார், நுரைச்சோலையில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார், இரண்டு அடுப்பும் எரிந்தது. தொண்ணூற்று நான்கில் என் தங்கச்சி ஜெமீலாவின் மகள் மர்ளியாவை அவருக்குப் பேசினோம். "ரெண்டு குடும்பத்துக்கு உழைக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம்" என்று ஜெமீலா முகத்தைத் திருப்பினாள். மர்ளியாதான் விடாமல் நின்று முடித்தாள். அன்றிலிருந்து அவர் என் மருமகன் முறை.

சரீப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை வந்தது. வவுனியாவில் கண்டதாக ஒருவர். காட்டுக்குள் வெடிச்சத்தம் கேட்டதாக இன்னொருவர். படம் இருந்தால் கொண்டு திரிந்து விசாரித்திருக்கலாம். படமும் இல்லை. கலியாணப் படம் மறிச்சுக்கட்டி வீட்டு அலுமாரியில் போயிற்று, அடையாள அட்டை அவருடைய மடியில் போயிற்று. அஸீஸா விவரம் தெரிந்த பிறகு "வாப்பா எப்பிடி இருப்பாரு?" என்று கேட்பாள். "உங்கட சாச்சாவப் போல, கொஞ்சம் உசரம்" என்று சாரா உம்மா சொல்வாள். பிள்ளை சாச்சாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த பிறகு, இரண்டாயிரத்து நான்கில், எலுவன்குளத்துக்கு ஒரு மிஸ் வந்தார். பெயர் டொறத்தி. சிலாபத்துப் பிள்ளை, வேதக்காரி, தமிழும் சிங்களமும் கலந்து கதைப்பார். எங்களுக்கும் மறிச்சுக்கட்டிக்கும் இடையில் கிடக்கும் வில்பத்துக் காட்டில் எத்தனை சிறுத்தை இருக்கிறது என்று எண்ணுவதற்குப் படம் பிடிக்கும் பெட்டிகள் கொண்டு வந்திருந்தார். காடு தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார். காட்டின் வடக்குப் பக்கம் ஸலாஹுதீனுக்குத் தெரிந்த அளவு எலுவன்குளத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

பச்சை நிற இரும்புப் பெட்டி. முழங்கால் உயரத்தில் மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். முன்னால் ஏதாவது அசைந்தால் தானாக வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கும். கட்டி முடித்ததும் பெட்டியின் எண்ணும் திகதியும் எழுதிய கடதாசியைப் பிடித்துக்கொண்டு, கட்டினவர் சிறுத்தை மாதிரி நாலு காலில் அதற்கு முன்னால் நடக்க வேண்டும். வெளிச்சம் அடித்தால் பெட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு பிலிம் ரோலிலும் முதல் படத்தில் ஸலாஹுதீன் தவழ்ந்துகொண்டிருப்பார்.

இது தெரிந்ததும் கொட்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

"என்ன மச்சான், இண்டைக்கு ஆனையா நடந்தீங்களா, நரியா நடந்தீங்களா?"

"ஆனைக்கு உங்கட தலைய வச்சிக் கட்டணும். நமக்குச் சிறுத்தை மட்டுந்தான்."

"முழங்கால் ரெண்டும் உரிஞ்சி வந்து நிக்கிறாரு" என்பாள் மர்ளியா. "சிறுத்தைக்கு எண்ணெய் பூசுற பொஞ்சாதி இந்த ஊருல நான் ஒருத்திதான்."

மிஸ் போட்ட சட்டங்கள் இரண்டு. காட்டுக்குள் எப்போதும் காக்கி உடுப்புப் போட வேண்டும், காவல்காரர்கள் ஆள் யாரென்று தெரிந்துகொள்வதற்கு. ஒன்பதாம் பெட்டிக்கு வடக்கே ஒருவரும் போகக் கூடாது. அங்கிருந்து ஆறு கிட்ட. ஆற்றுக்கு அங்கால் இயக்கத்தின் இடம்.

அந்த ஒன்பதாம் பெட்டி நின்றது மறிச்சுக்கட்டிக்குப் போகும் பழைய பாதையில். அவர் அந்த வேலைக்குப் போனதே அதற்காகத்தான். "பதினாலு வருஷமா நான் போகேலாத பாதைய அந்தப் பெட்டி பாத்துக்கொண்டே இரிக்கும் மாமி. ஆரு போனாலும் படத்துல விழும்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஆர் என்று நான் கேட்கவில்லை.

இதற்கிடையில் சாரா உம்மாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. முந்தலில் கடை வைத்திருந்தவர், பெண்சாதி மௌத்து, பிள்ளைகள் இல்லை. நல்ல மனுஷன். அவள் முடியாது என்று ஒரு வருஷம் சொன்னாள். அஸீஸாவுக்கும் வயது பதினெட்டாகிறது, நாளைக்கு அவளுடைய நிக்காஹுக்கு வீட்டில் ஓர் ஆம்பிளை முன்னுக்கு நிற்க வேண்டாமா என்று நான்தான் சொல்லிச் சொல்லி இணங்க வைத்தேன். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காதியார் எல்லாரையும் விசாரித்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு மௌத்து என்றுதான் கொள்ள வேண்டும், புருஷனை இழந்தவள் மறைந்திருக்கும் இத்தாவை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

இரண்டாயிரத்து ஐந்து நோன்புப் பெருநாள் கழிந்து அவள் வெள்ளை உடுத்தாள். நாலு மாதமும் பத்து நாளும். என் வீட்டு உள் அறையைக் கொடுத்தேன். இத்தாவில் இருப்பவளை நிக்காஹுக்கு ஆகுமான எந்த ஆம்பிளையும் பார்க்கக் கூடாது. கொழுந்தனும் அப்படித்தான். பதினைந்து வருஷம் பக்கத்துக் கொட்டிலில் இருந்து சோறு போட்டவர், சாமான் பையை வாசலில் வைத்து, "மதினி, மீன் இரிக்கி" என்று திரைச்சீலையிடம் சொல்லிவிட்டுப் போவார்.

எண்பது நாள் போயிருக்கும். ஸலாஹுதீன் புத்தளத்து ஸ்டூடியோவில் ரோல் கழுவிக்கொண்டு பஸ்ஸில் வந்தவர், எலுவன்குளத்துக்குப் போகாமல் இடையில் இறங்கி என் குசினி வாசலில் வந்து நின்றார். சட்டைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்தார்.

காட்டுப் பாதை. அதில் ஒரு மனுஷன் வடக்கே பார்த்து நடந்துகொண்டிருக்கிறான். முதுகுதான் தெரிகிறது. மேலுக்குச் சட்டை இல்லை, சாரனை மடித்துக் கட்டியிருக்கிறான், கோடாலி இடது தோளில். அந்தத் தோள் சரிந்திருக்கிறது.

"ஒன்பதாம் பெட்டி, மாமி. முதல் படம் நான் தவழ்ந்தது. ரெண்டாவது மான். மூணாவது மரை. நாலாவது இது. நான் போனதுக்குப் பொறகு வந்த ஆள்."

"மிஸ்ஸிட்டக் காட்டினீங்களா?"

"காட்டல்ல. உருவி எடுத்திட்டன். காட்டினா எழுதி மேல அனுப்புவா. களவா வேட்டைக்கு வந்தவன் எண்டு காக்காவைப் பிடிப்பாங்க. இல்லாட்டி வேற பேரு வச்சிச் சுடுவாங்க."

"காக்காதான் எண்டு எப்பிடிச் சொல்றீங்க?"

"தோளப் பாருங்க மாமி!"

எனக்கும் அது சரீப் என்றுதான் பட்டது. சரீப்பை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அவர் உள்ளே போக முடியாது. படத்தை நான்தான் கொண்டு போனேன். சாரா உம்மா ஓதிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"முகம் விழுந்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டன் மாமி" என்றாள். "பதினஞ்சு வருஷத்துல முகம் மாறும். கலியாணம் முடிச்ச நாளிலேருந்து அவருக்குப் பின்னாலதான் நடந்திருக்கன். சந்தைக்கும் பின்னால, சியாரத்துக்கு ஓதப் போனாலும் பின்னால. இந்த முதுகு எனக்குத் தெரியாதா?"

"ஒருக்கா யோசி மகள். வேற ஆராவது..."

"மௌத்தாகாத மனுஷனுக்கு நான் எண்பது நாள் இத்தா இருந்திருக்கன். அல்லாஹ் என்னை மன்னிக்கணும்."

அன்று அஸர் தொழுகைக்கு முன்னர் வெள்ளையைக் கழற்றிவிட்டுப் பச்சைச் சேலையோடு வெளியே வந்தாள். முந்தல்காரருக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பினாள். காரணம் சொல்லவில்லை. படம் விஷயம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரிய வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். வெளியே தெரிந்தால் சரீப்பின் உயிருக்கு ஆபத்து. மர்ளியாவுக்கும் சொல்லக் கூடாது என்றார் ஸலாஹுதீன். "அவள் ஜெமீலா மாமியிட்டச் சொல்லுவாள், மாமி ஊருக்குச் சொல்லுவா." என் கூடப்பிறந்தவளின் மகளுக்கு நான் அதை ஒரு வருஷம் மறைத்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? இத்தாவை முறித்துக்கொண்டு வந்தவள், கொழுந்தனோடு வேலி ஓரத்தில் நின்று குசுகுசுவென்று கதைக்கிறாள் என்று கதை கிளம்பியது. மர்ளியா ஒருநாள் என்னிடம் வந்து, "பெரியும்மா, எனக்கிட்ட எதையும் மறைக்கிறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஸலாஹுதீன் ஒவ்வொரு தரமும் காட்டுக்குப் போகும்போது சாரா உம்மா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். சாரன் ஒன்று, தீப்பெட்டி, உப்பு, மாசிக் கருவாடு, தகரத்தில் பனங்கட்டி. ஒன்பதாம் பெட்டிக்குப் பக்கத்து மரத்தடியில் வைத்துவிட்டு வருவார். அடுத்த ரோலில் ஒரு கரடி குந்தியிருந்து தகரத்துக்குள் மூஞ்சியை விட்டுக்கொண்டிருந்தது. டொறத்தி மிஸ் கொதித்துப் போனார்.

"ஸலாஹுதீன், தீனி வைக்க வேணாம் எண்டு எத்தின தரம் சொல்லியிருக்கு? கரடிக்குப் பனங்கட்டி குடுத்தா நாளைக்கு உங்கட வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வரும்!"

தவறிப் போட்ட சாப்பாட்டுப் பொதி என்று சொல்லித் தப்பினார். ஆனால் பனங்கட்டியைத் தின்ற கரடி சாரனை என்ன செய்யும்? சாரன் அந்த இடத்தில் இல்லை. சாரா உம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "எடுத்து உடுத்திருப்பாரு" என்றாள். அடுத்த பொட்டலத்தில் சட்டையும் வைத்தாள்.

இரண்டாயிரத்து ஆறு வைகாசியில் காட்டுக்குள் கண்ணிவெடி வெடித்து, காடு பார்க்கப் போன ஆட்கள் செத்தார்கள். காட்டை மூடினார்கள். மிஸ் கழற்ற முடிந்த பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனார். ஒன்பதாம் பெட்டியைக் கழற்ற ஆமி விடவில்லை. சண்டை மறுபடி மூண்டது. ஸலாஹுதீன் உப்பளத்துக்குத் திரும்பிப் போனார்.

சாரா உம்மா விடவில்லை. "பெட்டி இல்லாட்டி என்ன, கால் இரிக்கிதானே" என்பாள். "அவர் அந்தக் காட்டுல இரிக்காரு எண்டு தெரிஞ்சும் ரெண்டாந்தரமும் விட்டுட்டு வரப்போறீங்களா?" இரண்டாந்தரம் என்ற சொல் அவரை எங்கே குத்தும் என்று அவளுக்குத் தெரியும். மாடு தேடப் போகிறேன் என்று மர்ளியாவிடம் சொல்லிவிட்டு எலுவன்குளத்துப் பக்கத்தால் உள்ளே போகத் தொடங்கினார். நாலு தரம் போய் வந்தார். ஐந்தாந்தரம், இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம், திரும்பி வரவில்லை.

நாலாம் நாள் செய்தி வந்தது. ஆமி பிடித்து ஒரு முகாமில் வைத்திருக்கிறது. மர்ளியாவும் சாரா உம்மாவும் நானும் போனோம். வாசலில் மேசை போட்டு இருந்தவர் எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மூடின காட்டுக்குள் சாரனும் சட்டையும் தீப்பெட்டியும் மாசியும் கட்டிக்கொண்டு ஒருவன் போகிறான். அந்தச் சாமான் யாருக்கு?

"என்ர புருஷனுக்கு" என்றாள் சாரா உம்மா.

"புருஷன் எங்கே?"

"காட்டுல."

அவர் எழுதிக்கொண்டார். அத்தாட்சி இருந்தால் கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சாரா உம்மா பெட்டிக்குள் இருந்து படத்தை எடுத்து வந்து, எல்லாவற்றையும் சொன்னாள். மர்ளியா படத்தை வாங்கினாள். பார்த்தாள்.

"பெரியும்மா, இது இவரு" என்றாள்.

"என்ன கதை கதைக்கிறாய்?"

"பாருங்க. சாரன்ர பின்பக்கம், கீழ, ஒட்டு. என்ர ஊதாச் சட்டைய வெட்டி நான் போட்டது. தொழுகைக்கு எண்டு வேலைக்குக் கொண்டுபோற சாரன் இது. இப்பவும் கொடியில கிடக்கு."

ஓடிப்போய் எடுத்து வந்தாள். சாம்பல் நிறச் சாரன், ஊதா ஒட்டு. படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். எனக்குக் கண் மங்கல், இருந்தும் தெரிந்தது.

சாரா உம்மா சாரனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "எல்லார் சாரனும் கிழியும். எல்லாரும் ஒட்டுப் போடுவாங்க. அவர்ர முதுகு எனக்குத் தெரியும்."

"ராத்தா, நீங்க பதினாறு வருஷத்துக்கு முந்தி நடந்தீங்க" என்றாள் மர்ளியா. "நான் இவர் போன அண்டு காலம்பறயும் கடை வரைக்கும் இவருக்குப் பின்னால நடந்தன்."

பிறகு மர்ளியாதான் சொன்னாள், இந்தப் படம் முகாமுக்குப் போகக் கூடாது என்று. போனால், காக்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனி ஆளாக வடக்கே ஆற்றுப் பக்கம் போனவர் இவர்தான் என்று ஆகிவிடும். இவருக்கு எதிராக இவரே சாட்சி. நானும் அதையே சொன்னேன். சாரா உம்மா படத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவளைக் காணவில்லை. முதல் பஸ்ஸில் முகாமுக்குப் போய்ப் படத்தை அந்த மேசைக்காரரிடம் கொடுத்திருக்கிறாள். "இதுதான் என்ர புருஷன். இவரைத் தேடித்தான் கொழுந்தன் போனாரு. அவரை விடுங்க" என்று அழுதிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அது சரீப் என்று நம்பித்தான் கொடுத்தாள்.

அன்று நடந்ததை ஸலாஹுதீன் பல வருஷம் கழித்து ஒரே ஒரு தரம் என்னிடம் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார்களாம். ஒருவர் படத்தை அவருடைய முதுகுக்குப் பக்கத்தில் பிடித்தார். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் சிரிப்புக் கேட்டது. தமிழ் தெரிந்த ஒருவர், "ஏன்டா, உன்ர முதுகு உனக்கே தெரியாதா?" என்று கேட்டாராம்.

சுவரைப் பார்த்து நின்ற அந்த இடத்தில்தான் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்திருக்கிறது. ஒன்பதாம் பெட்டியில் அந்த ரோலைப் போட்டுக் கட்டிய நாள். கூட வந்தவர்கள் தெற்கே தள்ளிப் போய்ச் சோறு தின்று சாய்ந்துவிட்டார்கள். லுஹர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனவர், தொழுத சாரனோடேயே, காக்கியைப் பற்றைக்குள் வைத்துவிட்டு, கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தார். காக்கியோடு போனால் அக்கரையில் இருந்து பார்க்கிறவன் ஆமி என்று சுடுவான். பெட்டிக்குப் பின்னால் சுற்றிப் போனால் படத்தில் விழாது என்று நினைத்தார். சுற்றிப் போய்ப் பாதையில் ஏறிய இடத்தில் பெட்டியின் கண் பின்னால் இருந்து பிடித்துவிட்டது; உச்சி வெயிலில் வெளிச்சம் அடித்தது அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் மானும் மரையும் அந்தப் பாதையைக் கடந்திருந்தன. ஆற்றங்கரையில் நின்று அக்கரையில் தெரிந்த பனை மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்பினார். சட்டத்தை மீறியதால் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெட்டி தன்னைப் பிடிக்கவில்லை என்ற நம்பிக்கையில் பிறகு தானே அதை மறந்துவிட்டார்.

"படத்தக் கண்டதும் காக்கா எண்டு நெஞ்சு சொல்லிப் போட்டுது மாமி. அதுக்குப் பொறகு நான் வேற ஒண்டும் யோசிக்கல்ல. மனுஷன் தன்ர முதுக எங்க காணப் போறான்?"

உண்மையைச் சொன்னாராம். ஊரைப் பார்க்கப் போனேன் என்று. அவர்கள் கேட்டதெல்லாம் அக்கரையில் யாரைச் சந்தித்தாய் என்பதுதான். இரண்டரை வருஷம் அதையே கேட்டார்கள். டொறத்தி மிஸ் கொழும்பில் இருந்து மூன்று கடிதம் எழுதினார். இவர் தன்னுடைய வேலையாள், நல்ல மனுஷன் என்று. வேலை ஆறாம் ஆண்டோடு முடிந்துவிட்டதே, ஏழாம் ஆண்டு ஏன் போனான் என்று பதில் வந்தது.

சண்டை முடிந்து நாலு மாதம் கழித்து விட்டார்கள். ஜெமீலாவின் மகன் போய்க் கூட்டி வந்தான். இடது காது கேட்காது. இடது கைவிரல் மூன்று மடங்காது. கோடாலி பிடிக்க ஏலாது. மர்ளியா வாசலில் நின்று தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, தன் வீட்டுக்குள் போகாமல், நேரே சாரா உம்மாவின் முற்றத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, அது நான்தான்" என்றார். "காக்கா இல்ல."

அவள் அவரையே பார்த்தாள். முக்காட்டை இழுத்து விட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் பின்வாசலால் போய்ப் பார்த்தபோது பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சேலையை எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"இண்டையிலேருந்து எண்ணுங்க மாமி" என்றாள். "முந்தின எண்பது நாளைச் சேர்க்க வேணாம்."

நாலு மாதமும் பத்து நாளும் இருந்தாள். சோறு நான் கொண்டு போய்க் கொடுத்தேன். இந்தத் தரம் ஸலாஹுதீன் வாசலில் சாமான் வைத்துவிட்டுப் பேசவில்லை. முந்தல்காரர் எப்போதோ வேறு இடத்தில் கலியாணம் முடித்துவிட்டார். இத்தா முடிந்த நாள் சரீப்புக்குக் கத்தம் ஓதினோம். இரண்டாயிரத்துப் பதினொன்றில் மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிப் போகலாம் என்று வந்ததும், சாரா உம்மா அஸீஸாவோடும் அஸீஸாவின் மாப்பிள்ளையோடும் லொறியில் ஏறினாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். ஸலாஹுதீன் வேலி ஓரத்தில் நின்றார். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

அந்த ஊரில் அவருக்கும் வாப்பாவின் காணியில் பங்கு இருக்கிறது. வந்து கையெழுத்துப் போட்டு எடுக்கச் சொல்லி இரண்டு தரம் கடிதம் வந்தது. போகவில்லை. சரீப்பைப் பற்றி இன்று வரைக்கும் ஒரு செய்தியும் இல்லை.

ஸலாஹுதீன் இப்போது கரைத்தீவில், மர்ளியாவின் வீட்டில் இருக்கிறார்.